அலைந்தூர்–சலித்தூர் ரயில்வே

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படியில் மட்டும் வீரத்தைக் காட்டாதே. மேஜை மேல் நான் அமைத்திருக்கும் மாடல் ரயில் லேஅவுட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ கேட்ட கேள்விக்குத்தான் இத்தனை நாள் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். "ஜெர்மன் ஸ்டீம் எஞ்சின், பின்னால் பிரிட்டிஷ் பெட்டி, பக்கத்து லைனில் அமெரிக்க டீசல். எந்த ஊர் ரயில்வேடா இது?"

பதில் கிடைத்துவிட்டது. அலைந்தூர்–சலித்தூர் ரயில்வே. சுருக்கமாக அ.ச.ர.

சிரித்துவிட்டாயா? சிரி. பெயரில் சிலேடை வைப்பது இந்த விளையாட்டில் பழைய வழக்கம்தான். கலிபோர்னியாவில் ஜான் ஆலன் என்பவர் தன் லேஅவுட்டுக்கு 'கோரி அண்ட் டஃபீட்டட்' என்று பெயர் வைத்தார். ஊர்ப் பெயர் மாதிரி எழுதியிருப்பார், வாய்விட்டுச் சொன்னால் 'ரத்தம் சொட்டத் தோற்றவர்கள்' என்று காதில் விழும். பெட்டிகளை இழுத்து மாற்றி நிறுத்தும் ஷண்டிங் வேலைக்கு எஞ்சினுக்குப் பதிலாக எம்மா என்று ஒரு டைனோசரை நிறுத்தியிருந்தார். அவரோடு ஒப்பிட்டால் நான் ரொம்ப ஒழுங்கு.

கதை இதுதான். 1898-ல் ஒரு சுரங்கக் கம்பெனி, மலை மேலிருந்து தாதுவைத் துறைமுகத்துக்கு இறக்க லைன் போட்டது. கையில் காசு கம்மி. மலையைக் குடைந்து பாதை போடாமல், பாலம் கட்டாமல், மலை வளைந்த இடத்திலெல்லாம் தண்டவாளத்தையும் வளைத்துக்கொண்டு போனார்கள். முப்பது வருடத்தில் தாது தீர்ந்தது, கம்பெனி ஓடிப்போனது. ஊர்க்காரர்கள் லைனை விடவில்லை. மற்ற ரயில்வேக்கள் கழித்துப் போட்டதையெல்லாம் சல்லிசாக வாங்கி ஓட்டினார்கள். ஜெர்மன் எஞ்சினும் பிரிட்டிஷ் பெட்டியும் ஒரே வண்டியில் வந்தது இப்படித்தான்.

வளைவைப் பற்றி நீ போன வருடமே குத்திக்காட்டினாய். என் வளைவின் ஆரம் 45 சென்டிமீட்டர். என் ரயில் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, அதனால் 87-ஆல் பெருக்கினால் 39 மீட்டர். நிஜ மெயின் லைனில் இது நடக்காத காரியம், ஆனால் காசில்லாத சுரங்க லைனில் நடக்கும். மேஜை சிறியது என்பதுதான் உண்மையான காரணம். அதை இனிமேல் வெளியே சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் நம்புகிற மாதிரியா என்று கேட்பாய். இங்கிலாந்தின் கர்னல் ஸ்டீபன்ஸைப் பற்றிப் படித்துப் பார். 1896-ல் குறைந்த செலவில் இலகு ரயில் போட அங்கே ஒரு சட்டம் வந்தது. அப்படிப்பட்ட பல குட்டி லைன்களை நடத்தியவர் அவர். எங்கெங்கிருந்தோ வந்த செகண்ட் ஹேண்ட் எஞ்சின்கள், பெட்டிகள். செலவைக் குறைக்க இரண்டு ஃபோர்டு பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்துத் தண்டவாளத்தில் ஓட்டினார். இந்தப் பக்கம் போக ஒரு டிரைவர் சீட், அந்தப் பக்கம் திரும்ப இன்னொன்று. இதை நான் மேஜையில் வைத்திருந்தால் நீ என்னைச் சும்மா விட்டிருப்பாயா?

எல்லாவற்றுக்கும் ஒரே பெயிண்ட் அடித்தேன்: கருஞ்சிவப்பு, ஜன்னலுக்குக் கீழே மெல்லிய மஞ்சள் கோடு. அவ்வளவுதான், காயலான் கடை ஒரு கம்பெனியாகிவிட்டது. பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் கப்லிங்தான் கழுத்தறுத்தது. ஜெர்மன்காரனுக்குக் கம்பி வளையம், அமெரிக்கனுக்கு மடக்கிய விரல் மாதிரிக் கொக்கி. ஒன்றோடொன்று சேராது. கடைசியில் ஒரு காலி வேகனுக்கு ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் கொக்கியும் மாட்டி நடுவில் விட்டேன். அதற்குத் 'தரகர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் இல்லாமல் எந்த வண்டியும் கிளம்பாது.

பிரிட்டிஷ் பெட்டிகள் 1:76, மற்றதெல்லாம் 1:87. தண்டவாளம் இரண்டுக்கும் அதே 16.5 மில்லிமீட்டர்தான், ஆனால் பெட்டி கொஞ்சம் குண்டாகத் தெரியும். அதற்கு மட்டும் கதை கிடைக்கவில்லை. நீயும் கவனிக்காத மாதிரி இருந்துவிடு.

அப்புறம், நம்பர் 4 எஞ்சின். எஞ்சின் பட்டியலில் 3-க்கு அடுத்தது 5 என்று பார்த்தவுடனே கேட்பாய். பழைய பெயிண்டை எடுக்கத் தின்னர் ஊற்றினேன். பிளாஸ்டிக் என்று நினைவே இல்லை. டிரைவர் கேபின் கூரை வெயிலில் வைத்த மெழுகுபோல் குழைந்து உள்ளே இறங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. இப்போது அது ஷெட்டுக்குப் பின்னால், சக்கரமில்லாமல், துரு நிறத்தில் கிடக்கிறது. புகைபோக்கியில் பாசித் தூளும் ஜன்னல் வழியாக ஒரு செடியும் ஒட்டியிருக்கிறேன். மலைச்சரிவில் பாறை விழுந்து நசுங்கியது என்று அ.ச.ர. ஆவணம் சொல்கிறது. லேஅவுட்டிலேயே நிஜமாகத் தெரிகிற இடம் அந்த மூலைதான்.

எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளத்தான் இந்தக் கதையைக் கட்டினேன், முத்து. இப்போது அது என் கையைப் பிடிக்கிறது. போன மாதம் பளபளவென்று ஒரு எலெக்ட்ரிக் எஞ்சின் கண்ணில் பட்டது. கையில் எடுத்தும்விட்டேன். கம்பம் நட்டு மின்கம்பி இழுக்க அ.ச.ர.வுக்கு ஏது பணம்? திரும்ப வைத்துவிட்டு வந்தேன். நீ சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன்.

சரி, உனக்கு ஒரு வேலை. டைம்டேபிள் போட்டுத் தா. அலைந்தூரிலிருந்து சலித்தூர் வரை தண்டவாளம் 14 மீட்டர், அதாவது ஒண்ணேகால் கிலோமீட்டர்கூடத் தேறாது, நடந்தே போகலாம். அதனால் கடிகாரத்தை ஆறு மடங்கு வேகமாக ஓட்டுகிறேன். ஓட்டம் நிஜத்தில் இரண்டு நிமிஷம், அங்கே பன்னிரண்டு. இந்தக் கணக்கில் தூரம் 7 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. நடுவில் ஓய்ந்தபட்டியில் எதிர் வண்டிக்கு வழிவிட கிராசிங் உண்டு, ஆனால் ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் மூன்று பெட்டிதான் நிற்கும். நம்பர் 7 ஸ்டீம் எஞ்சின், தண்ணீர் பிடிக்கக் கொஞ்சம் நேரம் விட்டுப் போடு.

உன்
சேகர்