பொம்பெயில் கைகொடுத்த பெரியவருக்கு

போன ஜூலையில் அம்மாவுடன் இத்தாலியின் பொம்பெய் போயிருந்தேன். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதைந்த நகரம். ஒதுங்க நிழல் குறைவு. தெருவைக் கடக்க அந்தக் காலத்தில் போட்ட உயரமான கற்களில் கால் வைத்ததும் அம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் பாட்டிலிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை.

நீலச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். இத்தாலியன் மட்டும்தான் பேசினார். தன் தொப்பியைக் கழற்றி அம்மா தலையில் வைத்தார். அப்புறம் தெருமுனையில் இருந்த கல் தொட்டிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். ரோமானியர் காலத்துத் தொட்டிதான். இப்போது குழாய் வைத்து நல்ல தண்ணீர் விடுகிறார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது.

அம்மா தெளிந்த பிறகு, பெரியவர் என் கையைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் வைத்தார். நம் ஊர்க் கிணற்றுக் கல்லில் கயிறு தேய்த்த தடம் போல ஒரு வழவழப்பான பள்ளம். தண்ணீருக்குக் குனிந்தவர்கள் கை ஊன்றி ஊன்றித் தேய்ந்தது. அதில் என் உள்ளங்கை கச்சிதமாகப் பொருந்தியது.

நன்றி சொல்லத் திரும்புவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார். தொப்பி எங்களிடமே இருக்கிறது. ஐயா, அம்மா நலம். ரொம்ப நன்றி.