செயலாளர் ஆண்டறிக்கை: சர்வதேச அழைப்புப் போட்டி நடத்திய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு 11 முறை கூடியது. பயிற்சி முகாம், லீக் ஆட்டங்கள், நடுவர் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரம் உங்கள் கையில் உள்ள பட்டியலில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் விரிவாகப் பேச விரும்புவது, முதல் முறையாக நாம் நடத்திய 14 வயதுக்குட்பட்டோர் சர்வதேச அழைப்புக் கால்பந்துப் போட்டியைப் பற்றித்தான்.

மொத்தம் 16 அணிகள், நான்கு குழுக்கள். முதலில் போட்ட திட்டப்படி லீக் சுற்றில் 24 ஆட்டங்கள். அப்புறம் காலிறுதி, அரையிறுதி, மூன்றாம் இடம், இறுதி எனச் சேர்த்தால் 32 ஆட்டங்களில் போட்டி முடிந்திருக்கும். தாளில் பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் எட்டு அணிகள் மூன்றே ஆட்டங்களோடு பெட்டியைக் கட்ட வேண்டும். விமானம் ஏறி வரும் பிள்ளைகளை மூன்றாம் நாளே கேலரியில் உட்கார வைப்பது நியாயமா என்று கேட்டவர் நம் மூத்த நடுவர். அந்தக் கேள்விதான் போட்டியின் முகத்தையே மாற்றியது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1975இல் தொடங்கிய கோத்தியா கப் போட்டியில், குழுவில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் ஏ பிரிவுக்கும் மற்றவை பி பிரிவுக்கும் போகும். லீக் சுற்றோடு யாரும் வெளியேறுவதில்லை. அதையே கொஞ்சம் நீட்டினோம். முதல் இரண்டு இடம் பெற்ற எட்டு அணிகள் 1 முதல் 8 வரையிலான இடங்களுக்கும், மற்ற எட்டு அணிகள் 9 முதல் 16 வரையிலான இடங்களுக்கும் ஆடின. ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஆட்டம், நாளுக்கு ஒன்று. ஆக 48 ஆட்டங்கள், ஆறு நாட்கள், இரண்டு மைதானங்கள். வேலை ஒன்றரை மடங்கானது உண்மை. ஆனால் கடைசி நாள் காலை 15ஆம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்ற அணி துள்ளிக் குதித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு வீண் என்று தோன்றியிருக்காது.

இன்னொரு விதியும் வைத்தோம். லீக் ஆட்டங்களில், பட்டியலில் உள்ள 18 பேரும் குறைந்தது ஒரு பாதியாவது களத்தில் இருக்க வேண்டும். ஒரு பாதி 30 நிமிடம். இளையோர் ஆட்டங்களில் நேரத்தைக் குறைக்கவும், வெளியே போன ஆட்டக்காரரை மறுபடி இறக்கவும் ஆட்ட விதிகளிலேயே இடம் இருக்கிறது. இரண்டு பயிற்சியாளர்கள் தொடக்கத்தில் இதை எதிர்த்தார்கள். கோப்பைக்காக வந்தவர்களுக்கு அது உறுத்தலாக இருந்தது புரிகிறது. ஆனாலும் இந்த விதியைத் தளர்த்தாமல் விட்டது நாம் செய்த நல்ல காரியங்களில் முதலாவது என்பேன்.

இனி நம் பக்கத்துத் தவறு. ஓர் அணியின் ஐந்து பிள்ளைகளுக்கு விசா தாமதமாகி, மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார்கள். அழைப்புக் கடிதத்தில் அவர்கள் பெயர்களை, பயிற்சியாளர் அனுப்பிய பட்டியலைப் பார்த்துத் தட்டச்சு செய்திருந்தேன். பாஸ்போர்ட்டில் எழுத்துகள் வேறாக இருந்தன. கடிதமும் பாஸ்போர்ட்டும் பொருந்தாமல் விண்ணப்பம் நின்றுவிட்டது. ஐந்து பிள்ளைகள் இரண்டு ஆட்டங்களை இழந்தார்கள். அது என் கவனக்குறைவு, அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இனி பாஸ்போர்ட் நகல் கைக்கு வராமல் எந்தப் பெயரும் கடிதத்தில் ஏறாது. பெற்றோர் சம்மதக் கடிதமும் அதோடு சேர்ந்தே வர வேண்டும்.

மைதான ஏற்பாடுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே பார்த்தீர்கள். விடியுமுன் சுண்ணாம்புக் கோடு போட்டவர்களுக்கும், பந்துகளைப் பார்த்துக்கொண்ட நம் ஜூனியர் பிள்ளைகளுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஐந்தாம் எண் பந்து என்றால் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். தினமும் காலையில் ஒரு பெண் தராசும் காற்றழுத்தமானியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தாக அளந்து, சரியானதன் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். கோடில்லாத பந்தை நடுவர் தொடமாட்டார்.

ஆட்டத்துக்கு முன் எல்லா அணிகளும் ஃபிஃபாவின் 11+ வார்ம் அப் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். சுமார் 20 நிமிடம், 15 பயிற்சிகள். தொடர்ந்து செய்யும் அணிகளில் காயங்கள் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு அணிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் ஒற்றைக் காலில் சமநிலை பிடித்ததை நான் மறக்கமாட்டேன்.

ஐந்தாம் நாள் அரையிறுதியில் நடந்ததை இந்தச் சபையில் பதிவு செய்தாக வேண்டும். நம் அணி 1-1 என்ற நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. நம் முன்கள ஆட்டக்காரர்தான் சமன் கோலைப் போட்டவர். கொஞ்ச நேரத்தில் ஒரு கார்னரில் எம்பியபோது எதிரணிப் பையனின் தலையோடு அவர் தலை மோதியது. இருவரும் விழுந்தார்கள். எதிரணிப் பையன் எழுந்து, மருத்துவர் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னான். நம் பையனும் எழுந்துவிட்டான். 'ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்' என்றான். மருத்துவர் அவன் முன் மண்டியிட்டு மெதுவாகக் கேட்டார்: இது எந்த மைதானம்? இப்போது எந்தப் பாதி? கடைசி கோல் யார் போட்டது? மைதானத்தைச் சரியாகச் சொன்னான். கடைசிக் கேள்விக்குச் சைடு லைன் பக்கம் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தான். தான் போட்ட கோல் அவனுக்கு நினைவில்லை.

மருத்துவர் அவனை வெளியே அழைத்து வந்தார். மீண்டும் இறக்கலாமா என்று எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அன்றைக்கு மறுபடி ஆடவே கூடாது என்று சொல்லி அவர் அசையவில்லை. பயிற்சியாளரும் அவர் பக்கமே நின்றார். டை பிரேக்கரில் நாம் தோற்றோம். மறுநாள் ஆட்டத்திலும் அந்தப் பையன் இல்லை, நான்காம் இடம் கிடைத்தது. மருத்துவர் சொன்ன ஓய்வை முடித்து, படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்பி, இப்போது நன்றாக ஆடுகிறான். அன்று மருத்துவர் செய்ததே சரி. களத்தில் அவர் சொல்லே இறுதி என்பதை எழுத்தில் விதியாக்க வேண்டும் என முன்மொழிகிறேன். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இலேயே 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அறிவித்தது. நம் சிறுவர் பிரிவிலும் அதைக் கொண்டுவரலாம்.

என்னை உறுத்தும் இன்னொரு விஷயம் நம் அணித் தேர்வு. போட்டி முடிந்து சான்றிதழ் எழுதும்போது பிறந்த தேதிகளை வரிசையாகப் பார்த்தேன். நம் 18 பேரில் 11 பேர் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பிறந்தவர்கள். நவம்பர், டிசம்பரில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. வயது வரம்பை ஜனவரி 1இல் வைத்தால், ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. 13 வயதில் அது உயரத்திலும் வேகத்திலும் நன்றாகவே தெரியும். பல விளையாட்டுகளில், பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம்தான் இது. நாம் திறமையைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு வளர்த்தியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அடுத்த தேர்வில், பிறந்த மாதத்தை வைத்துப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, தங்களுக்குள் ஆடவிட்டுப் பார்க்க வேண்டும். சிறிய பிள்ளைகளில் யார் இடத்தைக் கண்டுபிடித்து பந்து வாங்குகிறார்கள், யார் தலையை நிமிர்த்திப் பாஸ் கொடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

தங்க இடம் தந்த குடும்பங்கள், மொழிபெயர்க்க வந்த மாணவர்கள், ஆறு நாளும் விடுப்பு எடுத்த நடுவர்கள், இவர்கள் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. செயற்குழுவின் சார்பில் நன்றி.

தாமதமாக வந்த அந்த ஐந்து பிள்ளைகளின் பயிற்சியாளரிடமிருந்து சென்ற மாதம் கடிதம் வந்தது. அடுத்த போட்டி எப்போது, தங்கள் அணிக்கு அழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார். இந்த முறை 18 பாஸ்போர்ட் நகல்களையும் கடிதத்தோடே இணைத்து அனுப்பியிருக்கிறார். விசாவுக்கும் கூட்டமைப்பு அனுமதிக்கும் எட்டு மாதமாவது வேண்டும். எனவே மீண்டும் நடத்துவதா என்பதை இன்றைய கூட்டத்திலேயே முடிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்