குவாங்சோவிலிருந்து ஒரு கடிதம்

குவாங்சோ,
15 நவம்பர் 2007

அன்புத் தோழிக்கு,

கிளம்புகிற அன்றுதான் உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

நாங்கள் தத்தெடுத்த பாப்பா வந்துவிட்டாள்! போன வாரம் ஹுனான் மாகாணத்துச் சாங்ஷாவில் ஓர் அரசு அலுவலகத்தில் வைத்துக் கையில் கொடுத்தார்கள். பதினான்கு மாதம், ஏழரைக் கிலோ. என்னைக் கண்டாலே அழுகை. இவர் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. "உன் முகராசி அப்படி" என்கிறான் பெரியவன். ஒன்பது வயதுக்கு வாயைப் பார்.

அமெரிக்க விசா இந்த ஊரில்தான் தருகிறார்கள். மருத்துவச் சோதனை முடிந்துவிட்டது. விமானம் அங்கே இறங்கிக் குடியேற்றச் சோதனையைத் தாண்டியதுமே இவள் குடிமகள், 2001 முதல் சட்டம் அப்படி. எனக்கு அதற்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது! சரி, விசா கைக்கு வரும்வரை ஊர் சுற்றுகிறோம்.

தங்கியிருப்பது ஷாமியான் என்கிற குட்டித் தீவில், முத்து ஆற்றை ஒட்டி. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் பங்கு போட்டுக்கொண்ட இடம். தூண் வைத்த பழைய கட்டடங்கள், விழுது தொங்கும் மரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தள்ளுவண்டியில் சீனக் குழந்தையும் பின்னால் வெள்ளைக்கார அப்பா அம்மாவும். நடுவில் நாங்கள். கடைக்காரர்கள் எங்களை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

பாட்டிகளுக்கு மட்டும் அந்தக் குழப்பமே இல்லை. வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. ஆனாலும் வழிமறித்து, பாப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து, கால்சட்டையை இழுத்துவிட்டு என்னைத் திட்டுகிறார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன, "பிள்ளைக்குக் குளிராதா, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்பதுதானே! அவர்கள் பேசும்போதெல்லாம் பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். இவள் கேட்டு வளர்ந்தது ஹுனான் பேச்சு, இங்கே கான்டனீஸ். என்ன பிடிபடுகிறதோ. பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அவளுக்கு அவள் நாட்டைக் காட்டுகிறோம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். நேற்று படகில் போகும்போதுதான் உறைத்தது, இவள் இத்தனை நாளும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தவள். ஆறு, படகு எல்லாம் எங்களைப் போலவே இவளுக்கும் புதுசு.

பெரியவனுக்குப் பிடித்தது எதிரே இருக்கிற சிங்பிங் சந்தை. காய்ந்த கடற்குதிரை, தேள், என்னென்னவோ மூட்டை மூட்டையாக. அப்புறம் ஹுவாலின் கோயில். போதிதருமர் கடல் வழியாக வந்து இறங்கிய இடம் அதன் பக்கம்தான் என்கிறார்கள். காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அவரேதான். "அவருக்கு விசா எத்தனை நாளில் வந்ததாம்?" என்று இவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இன்று காலை ஹோட்டலில் அரிசிக் கஞ்சி வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'கான்ஜீ'. நம் கஞ்சிதான் கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. இவர் தட்டு எடுக்கப் போன நேரத்தில் ஒரு கரண்டி ஆற்றி நீட்டினேன். முறைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகிற வரை திறந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை, பேசினால் கெட்டுவிடும் என்று பயம்.

வீட்டுக்குப் போய் இதையே செய்ய வேண்டும். நொய்யை வறுத்துப் போடுவதா, அப்படியேவா? அம்மாவிடம் கேட்டு உடனே எழுது.

அன்புடன்,
உன் தோழி