புறநகர் தேடுவோருக்கு அக்கம்பக்கத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுமனைப் பக்கங்களைத் தொடர்ந்து படித்து வருபவன் நான். ரயில் நிலையம் எவ்வளவு தொலைவு, தண்ணீர் வசதி எப்படி, மனையின் மதிப்பு எந்த அளவுக்கு உயரக்கூடும் என்பன போன்ற செய்திகள், புறநகரில் குடியேற விரும்புவோருக்கு அப்பக்கங்களில் விரிவாகவே கிடைக்கின்றன. ஆனால், குடியேறிய பிறகு பக்கத்து வீட்டார் நம்மோடு பேசுவார்களா, நம்மிடம் உள்ள காரையும் நாம் பார்க்கும் வேலையையும் கொண்டு நம்மை எடைபோடுவார்களா என்பதைப் பற்றி ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கப் போகும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு மற்ற எல்லாத் தகவல்களையும் விட இதுவே முக்கியம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தஸ்து பார்க்காத ஓர் ஊரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. இப்போது நாங்கள் வசிக்கும் குடியிருப்பில், புதிதாக வருபவரிடம் எங்கே வேலை, வீடு சொந்தமா வாடகையா, பிள்ளை எந்தப் பள்ளி என்று மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. அடுத்த முறை பார்க்கும்போது முகம் மலர்வதும் மலராததும் அவற்றுக்கான விடைகளைப் பொறுத்தே அமைகிறது. பெரியவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டு விடலாம். தன் வீடு சிறியது என்பதற்காக உடன் படிக்கும் நண்பர்களை வீட்டுக்கு அழைக்கத் தயங்கும் ஒரு குழந்தையைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

நல்ல மனிதர்கள் எங்கும் இருக்கிறார்கள், பழகுவது நம் கையில்தான் இருக்கிறது என்று பலரும் ஆறுதல் கூறுகிறார்கள். அதில் உண்மை உண்டு என்றாலும், பழகுவதற்கு இடம் தருவதும் தடுப்பதும் ஊரின் அமைப்பே என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பை ஆராய்ந்து உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் 1950-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வசித்தவர்களில் 41 விழுக்காட்டினர் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பராகக் குறிப்பிட, தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே அது 10 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மாடிப்படிக்கும் அஞ்சல் பெட்டிகளுக்கும் அருகில் இருந்தவர்களுக்கு மற்றத் தளங்களிலும் நண்பர்கள் மிகுதி. நகரமைப்பு அறிஞர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவின் தெருக்களை ஆராய்ந்தபோது, நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்ததையும், 16,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒரு நண்பருக்கும் குறைவாக இருந்ததையும் கண்டார். அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்களின் நற்குணம் இந்த அளவுக்கு வேறுபட்டிருக்கும் என்று கருத முடியாது.

நட்புக்கு நேரம் வேண்டும். அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்கிட்டார். நடந்து போகத்தக்க தெருவும், கட்டணமின்றி உட்காரக்கூடிய பூங்காவும் நூலகமும் இல்லாத ஊரில் அத்தனை மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? வேலைக்குச் சென்று திரும்பும் பயண நேரத்தையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தினசரிப் பயணத்தில் கூடும் ஒவ்வொரு பத்து நிமிடமும் ஊர்ப் பொதுவாழ்வில் ஒருவர் பங்கேற்பதைப் பத்து விழுக்காடு குறைக்கிறது என்கிறார் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம். ஊரே விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்புமானால், அங்கே எவ்வளவு அன்பானவர்கள் இருந்தும் பயனில்லை.

ஆனால் நட்பாகப் பழகும் ஊராக இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பொருளாதார அறிஞர் எர்சோ லுட்மர் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவருடைய வருமானம் மாறாதிருக்கையில் அக்கம்பக்கத்தாரின் வருமானம் கூடுதலாக இருந்தால் அவருடைய மகிழ்ச்சி குறைகிறது. அதிலும், அக்கம்பக்கத்தாரோடு மிகுதியாகப் பழகுபவர்களிடமே அந்தக் குறைவு அதிகமாகத் தெரிகிறது. நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணின்படி நடத்தப்படும் பரிசுச்சீட்டுக் குலுக்கலை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஒரு கட்டுரை, பரிசு பெற்றவர்களுக்கு அருகில் குடியிருந்து, தாங்கள் எந்தப் பரிசும் பெறாதவர்கள்கூட அடுத்த சில மாதங்களில் புதுக் கார் வாங்கும் வாய்ப்பு கூடியதைக் காட்டியது. எனவே, பேச்சு மிகுந்த ஊர் என்பதும் ஒப்பிட்டுப் பார்க்காத ஊர் என்பதும் வேறுவேறு. இரண்டும் ஒருங்கே அமைந்த ஊரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

1899-இலேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் இதற்கான காரணத்தைத் தொட்டுக் காட்டினார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் அருகருகே வசிக்கும்போது, நாம் யார் என்பதை மற்றவர்களுக்கு அறிவிக்கும் வேலையைப் பகட்டான செலவு ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால், சேர்ந்து செய்யும் வேலைகளின் வழியாக மக்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் ஊரில் பகட்டுக்கு வேலை குறையும் என்பது என் நம்பிக்கை. பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் கற்றுத்தருபவர், பூங்காவின் செடிகளைப் பராமரிப்பவர், நூலகத்தில் கதை சொல்பவர் என்று ஒருவர் அறியப்படும் இடத்தில், அவருடைய காரின் விலையைக் கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை.

அத்தகைய ஊரை அடையாளம் காண்பது கடினம்தான் என்றாலும் இயலாத செயலன்று. அங்கே பணிபுரிபவர்களிடம் பேசிப் பார்ப்பதே என் கணிப்பில் முதல் வழி. பேருந்து ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், பள்ளி வாசலில் நிற்கும் காவலர் ஆகியோரை ஊரார் பெயர் சொல்லி வணங்குகிறார்களா, அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் உட்கார இடமும் உண்டா, அவர்களுடைய பிள்ளைகள் படிப்பதும் அதே ஊர்ப் பள்ளியிலா என்பவற்றுக்கான விடைகள், எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையைச் சொல்லிவிடும். அடுத்தது, ஊரின் பொதுக்கூட்டத்தில் மக்கள் எதை எதிர்க்கிறார்கள் என்று கவனிப்பது. சிறு வீடுகளும் வாடகைக் குடியிருப்புகளும் வரக்கூடாது, பேருந்து நிறுத்தம் தங்கள் தெருவுக்கு வேண்டாம் என்று வாதாடும் ஊர் தன் கதவை யாருக்கு எதிராகச் சாத்துகிறது என்பது வெளிப்படை. மனையின் குறைந்தபட்சப் பரப்பை மிகப் பெரிதாக வைத்துள்ள விதிகளும் அதே வேலையைச் சத்தமின்றிச் செய்கின்றன. பெரியதும் சிறியதும், சொந்தமும் வாடகையும் ஒரே தெருவில் கலந்திருந்தால் அதை நல்ல அறிகுறியாகவே கொள்ளலாம்.

புதிதாக உருவாகும் குடியிருப்புகளைக் குறைத்து மதிப்பிடுவதும் சரியன்று. தலைமுறைகளாக ஒரே இடத்தில் வாழ்பவர்களின் வட்டத்துக்குள் நுழைவதைவிட, எல்லோரும் புதியவர்களாக இருக்கும் இடத்தில் பழகுவது எளிது. சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் 1958 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அப்போது புதிதாகக் கட்டப்பட்டு வந்த புறநகரான லெவிட்டவுனில் குடியிருந்து பார்த்தபோது, வெளியுலகம் எண்ணியதற்கு மாறாக அங்கே அக்கம்பக்க உறவு செழிப்பாகவே இருந்ததைக் கண்டார். ஆனால், அதே ஊரில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்கத் தொடக்கத்தில் மறுக்கப்பட்டு, சட்டப் போராட்டத்துக்குப் பிறகே வழி பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்களிடம் காட்டும் கனிவை மட்டும் வைத்து ஓர் ஊரை மெச்சிவிட நான் தயங்குவது இதனால்தான்.

வீட்டை வாங்குவதற்கு முன் இயன்றவர்கள் அந்த ஊரில் சிறிது காலம் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கடன், பள்ளி, வேலை என்ற நெருக்கடிகளுக்கிடையே ஒரேயொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்களே மிகுதி. அவர்களுக்காகத்தான் தங்களிடம் இந்த வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஒவ்வொரு புறநகரைப் பற்றியும் எழுதும்போது தங்கள் செய்தியாளர்கள் விற்பனைப் பிரதிநிதிகளோடு நின்றுவிடாமல், வாடகைக்கு இருப்பவர்கள், அண்மையில் குடியேறியவர்கள், அங்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் ஆகியோரையும் சந்தித்து, அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே வெளியிட வேண்டும். பூங்காவும் நூலகமும் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கின்றன, தெருக்களில் குழந்தைகள் தனியாக நடந்து செல்ல முடிகிறதா என்பவற்றையும் மனை விலைப் பட்டியலுக்கு அருகிலேயே அச்சிட்டால், எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்