இரண்டாம் மாடி அக்கா வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

அக்காவின் கணவர் காலமானது எல்லோருக்கும் தெரியும். துக்கம் விசாரிக்க மாலை 5 மணிக்கு மேல் போங்கள். பகலில்தான் அவர் கொஞ்சம் கண்ணயர்கிறார். எப்படி நடந்தது என்று மறுபடி கேட்க வேண்டாம், சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். பொட்டு, பூ, வளையல் பேச்சும் வேண்டாம். அது அவர் விருப்பம், பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். கிளம்பும்போது ‘போய்வருகிறேன்’ சொல்ல மாட்டோம், சரி. அதற்காக அப்புறம் எட்டிப்பார்க்காமலே இருந்துவிடாதீர்கள்.

காரியம் முடியும்வரை சாப்பாடு நம் பொறுப்பு. சமைத்துத் தருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம். மகள் வெளியூரில் இருக்கிறார். கூட அலைய யாரால் முடியும்?