ஒற்றைப் பீக்கை நம்பாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஒருவழியாக உங்கள் லேபிலும் ஹன்டிங்டன் நோய்க்கான மரபணுப் பரிசோதனை தொடங்கிவிட்டது என்பதில் சந்தோஷம். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து எத்தனை தடவை வருகிறது என்று காட்டும் அந்தப் படத்தில், 17-இல் ஒரே ஒரு பீக் (முகடு). "இரண்டு அல்லீலும் (மரபணுவின் இரண்டு பிரதிகளும்) 17, நார்மல் என்று எழுதிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். எழுதாதே.

17 மிகச் சாதாரணமான எண்தான். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் அதுவே வந்திருக்கலாம். ஆனால் இன்னொரு அல்லீலில் சிஏஜி 70 தடவை இருந்து, டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் அதைப் பெருக்க முடியாமல் விட்டிருந்தாலும் படம் இப்படியேதான் வரும். குட்டை அல்லீல் வினைப்பொருளையெல்லாம் விழுங்கிவிடும். நீண்டது பட்டினி கிடக்கும். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமர் என்ற சிறு துண்டு ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த அல்லீல் காணாமல் போகும். சிஏஜி எண்ணிக்கை 60-க்கு மேல் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 20 வயதுக்குள்ளேயே நோய் தலைகாட்டும். ரத்தம் ஒரு சிறுவனுடையது என்றால் இந்த ஒற்றைப் பீக் எனக்குக் கவலைதான் தரும்.

முதலில் டிஎம்எஸ்ஓ 5 முதல் 10 சதவீதம் வரை, அல்லது பீட்டெய்ன் 1 மோலார் சேர்த்துப் பார். அந்தப் பகுதியில் ஜி, சி எழுத்துகள் அதிகம், டிஎன்ஏ இழைகள் லேசில் பிரியாது; இவை பிரிய உதவும். அதிலும் ஒற்றைப் பீக்தான் என்றால் டிபி-பிசிஆர், அதாவது மீள்தொடருக்குள் (திரும்பத் திரும்ப வரும் சிஏஜி வரிசைக்குள்) இருந்தும் பெருக்கும் பிசிஆர். இதில் மூன்று பிரைமர்கள்: மீள்தொடருக்கு வெளியே ஒட்டும் ஒளிரும் பிரைமர், மீள்தொடருக்குள்ளேயே எங்கு வேண்டுமானாலும் ஒட்டும் வால் வைத்த பிரைமர், அந்த வாலுக்கு மட்டும் ஒட்டும் மூன்றாவது. வால் பிரைமரை மற்றவற்றில் பத்தில் ஒரு பங்குதான் போட வேண்டும். சில சுற்றுகளில் அது தீர்ந்து, மூன்றாவது வேலையை எடுத்துக்கொள்ளும். அளவு கூடிப்போனால் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே உள்ளே ஒட்டி, நீளமான துண்டுகள் குட்டையாகிவிடும். சரியாக வந்தால் மூன்று பேஸ் (டிஎன்ஏ எழுத்து) இடைவெளியில் சீப்புப் பல் மாதிரி பீக்குகள் நிற்கும். சீப்பு 17-ஐ ஒட்டி முடிந்தால் நார்மல். அதைத் தாண்டிச் சரிந்துகொண்டே போனால் நீண்ட அல்லீல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

அடுத்தது எண்ணிக்கை. மெஷின் தருவது நீளம்தான்; சிஏஜி எண்ணிக்கையை நாம்தான் கணக்குப் போடுகிறோம். சிஏஜி துண்டுகள் மெஷினின் நுண்குழாயான கேபிலரியில், நீளம் தெரிந்த சைஸ் ஸ்டாண்டர்டைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடுவதால் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும், நீளம் கூடக் கூட விலகலும் கூடும். ஆகவே எழுத்தெழுத்தாகப் படித்து (சீக்வென்ஸ் செய்து) எண்ணிக்கையை உறுதிப்படுத்திய கன்ட்ரோல் மாதிரிகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்கட்டும். 35-க்கும் 36-க்கும், 39-க்கும் 40-க்கும் நடுவே இருப்பது மூன்றே பேஸ். 36 முதல் 39 வரை நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-உம் அதற்கு மேலும் வந்தே தீரும் என்று வைத்துக்கொள்கிறோம். ஒன்று தப்பினால் ஒரு குடும்பத்துக்குச் சொல்லும் பதிலே மாறிப்போகும்.

பிரைமர் எங்கே முடிகிறது என்றும் பார். சிஏஜிக்கு அடுத்தாற்போல் சிசிஜி என்று இன்னொரு மீள்தொடர் உண்டு, அது பெரும்பாலும் 7 அல்லது 10. அதையும் சேர்த்து அளந்து, 7 என்று வைத்துக்கொண்ட இடத்தில் 10 இருந்தால் 9 பேஸ், அதாவது மூன்று சிஏஜி, சும்மா கூடிப்போகும். 1993-இல் இந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்ட புதிதில் பலரும் இந்தக் குழியில்தான் விழுந்தார்கள்.

பீக்குக்கு முன்னால் வரும் குட்டிப் பீக்குகள் ஸ்டட்டர், நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் வழுக்கியதால் வருபவை. குழுவில் உயரமானதையே எண்ணு. ஒவ்வொரு பீக்கும் ஒரு பேஸ் தள்ளி இரட்டையாகத் தெரிந்தால் டாக் என்ற பாலிமரேஸ் கடைசியில் சேர்க்கும் 'ஏ' எழுத்து பாதிக்குத்தான் சேர்ந்திருக்கிறது. இறுதி நீட்டலை 60 டிகிரியில் 45 நிமிடம் வை. உச்சி வெட்டிய மாதிரி தட்டையாக இருந்தால் நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டு.

அப்புறம், சிஏஜி வரிசை முடியும் இடத்தில் வழக்கமாக சிஏஏ-சிஏஜி என்று ஒரு முடிச்சு இருக்கும். அந்த சிஏஏ சிஏஜியாக மாறியிருந்தால் துண்டின் நீளம் மாறாது. நீ 38 என்று எழுதுவாய், ஆனால் முடிச்சின் இரண்டும் சேர்ந்து தடையில்லாத சிஏஜி உண்மையில் 40. நோய் எந்த வயதில் தொடங்கும் என்பதைப் புரதத்தில் உள்ள குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தின் எண்ணிக்கையைவிட இந்தத் தடையில்லாத நீளமே தீர்மானிக்கிறது என்று 2019-இல் காட்டினார்கள். எல்லையோரத்தில் எண் வந்து, நோய் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தொடங்கியிருந்தால் சீக்வென்ஸ் செய்யாமல் விடாதே.

அடுத்த தடவை படம் வேண்டாம், மூலக் கோப்பையே அனுப்பு. படத்தில் அச்சை எந்த அளவில் வைத்திருக்கிறாய் என்றே தெரியவில்லை. அடியில் ஒட்டிக் கிடக்கும் சின்னப் பீக் அதில் மறைந்திருக்கலாம்.

அன்புடன்,
முரளி