பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த செலவில் கேமிங் கணினி என்றாலே எல்லாரும் திரைக் காட்சியை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டிலேயே நின்றுவிடுகிறார்கள். பெரும்பங்கு பணம் அதற்குப் போக வேண்டியதுதான். ஆனால் மகனுக்கு நான் பூட்டிய முதல் கணினியில் மிச்சம் பிடித்தது பவர் சப்ளையில், அதாவது பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் தரும் பெட்டியில். விளையாட்டு சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அணைந்துவிடும். கோளாறு பவர் சப்ளையில் என்று தெரியாமல் இரண்டு வாரம் கார்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்! பவர் சப்ளைமேல் இருக்கும் ‘80 பிளஸ்’ முத்திரை மின்சிக்கனத்தைத்தான் சொல்லும். தரத்துக்கு அதுவே உத்தரவாதம் அல்ல.

அப்புறம் ரேம். ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டால் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓடும்.

கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: ரைசன் 5 5600 பிராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, திரையில் ஒன்றும் தெரியாது. 5600ஜி-யில் உண்டு. வண்ண விளக்குகள்? மகன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்